பனியில் கிடந்த தோடம்பழத் தோல்

வெள்ளை மணலில் செம்மஞ்சளாகத் தோடம்பழத் தோல் ஒன்று கிடந்தால் என் கால் தானாகப் போய் அதை மிதித்து மறைத்துவிடும். போன மாதம் ஆலங்குடாக் கடற்கரையில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் பழத்தைத் தின்று தோலை எறிந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கவே நான் போய் அதன்மேல் ஏறி நின்றேன். கரையை அசுத்தமாக்கியதற்குக் கோபப்படுகிறேன் என்று நினைத்து அவன் மன்னிப்புக் கேட்டான். எனக்கு என்ன கோபம்? எனக்குப் பயம். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற கடற்காரன் ஒருவன் ஒரு துண்டுத் தோலுக்குப் பயப்படுகிறான் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனிச் சொல்லலாம் என்று அத்தானே உத்தரவு தந்துவிட்டுத்தான் போனார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது: காற்றுக்காரர். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் கடலில் காற்றுக்குத் திசை மாறத் தெரியாது. அது பாட்டுக்கு மாதக்கணக்கில் ஒரே பக்கமிருந்து அடிக்கும். மழை மூடி, கரை தெரியாமல், கோவில் கோபுரமும் தெரியாமல் போனால் மற்ற வள்ளக்காரர்கள் முழிப்பார்கள். அத்தான் எஞ்சினை நிறுத்திவிட்டு எழும்பி நின்று வலது உள்ளங்கையை விரித்துப் பிடிப்பார். பிறகு, “காத்த வலது காதில வச்சுக்கொண்டு போ, வாடி வாசலுக்கே போகலாம்” என்பார். போனால் கரையில் எங்கள் மீன்வாடி வாசல்தான். ஒரு தடவையும் பிசகியதில்லை. அதனால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வள்ளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எஞ்சின் பிடிக்கிறவர் போகிற திசையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அதைவிடப் பெரியது, வழி தவறினாலும் “வழி விட்டுட்டம்” என்ற கதையை வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் கடலுக்குக் கேட்டுவிடும், அதற்குப் பிறகு கடல் விடாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மனதுக்குள் செபமாலை சொல்லலாம், வாந்தி எடுக்கலாம், அழவும் செய்யலாம். அந்தச் சொல்லை மட்டும் சொல்லக் கூடாது. பதினாறு வயதிலிருந்து வள்ளத்தில் ஏறிய எனக்கு அது இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

கடலில் மீன் குறைந்த ஒரு காலத்தில் அத்தான் இத்தாலிக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து என்னையும் கூப்பிட்டார். மலைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டினம். அவர் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கோப்பை கழுவினார், நான் மரக்கறிச் சந்தையில் பெட்டி தூக்கினேன். எங்கள் அறையின் யன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மலை, அதன் உச்சியில் ஒரு இரும்புக் குருசு. வெயில் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர்ச் சனம் பிள்ளைகளையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு அதில் ஏறிப்போய்ப் பாண் சாப்பிட்டுவிட்டு இறங்கும். அவ்வளவு சாதாரணமான மலைதான். ஒரு பக்கம் மட்டும் கறுத்த பாறை செங்குத்தாகக் கீழே விழும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போதே எனக்குக் கால் கூசும்.

அக்காவுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. அத்தான் லீவில் வந்துபோன பிறகுதான் தங்கியது. எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறி அவளை ஆசுபத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். தை மாதத்து ஞாயிறு ஒன்றின் விடியற்காலையில் போன் வந்தது. இன்றைக்கே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கப் போகிறார்களாம், இரண்டு உயிருக்கும் பொறுப்புச் சொல்ல முடியாதாம். அத்தான் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். ஊரில் இருந்திருந்தால் அன்னம்மாள் கோவிலுக்குச் செருப்பில்லாமல் நடந்திருப்பார். அங்கே எங்கே நடப்பது? யன்னலைத் திறந்தார். குருசு தெரிந்தது. “அந்தக் குருசடியில ஒரு மெழுகுதிரி கொழுத்திப்போட்டு வருவம், எழும்பு” என்றார்.

கீழ்வீட்டு மனிதர் வாசலில் பனியை வழித்துக்கொண்டு நின்றார். எங்கள் காலிலிருந்த சப்பாத்தையும் மலையையும் பார்த்துவிட்டு வானத்தைக் காட்டி, ஒற்றை விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். போகாதே என்று அர்த்தம். அத்தான் சிரித்தார். “இவங்களுக்கு என்ன தெரியும் காத்தப் பத்தி! கடல்ல பிறந்தவனுக்கு இந்தப் பொட்டு மலை என்ன பெரிசு? மடியில கனமில்ல, வழியில என்னடா பயம்?” நான் மலையையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆனால் மெழுகுதிரி அக்காவுக்காக. அதற்கு எப்படி மாட்டேன் என்பது?

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. முழங்கால் வரைக்கும் பனி, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பனியைப் படத்தில் பார்க்கிறவர்கள் ஆகா ஓகோ என்பார்கள். அதன் சத்தமில்லாத தன்மையைப் படத்தில் காட்ட முடியாது. கடல் எவ்வளவு கோபித்தாலும் வாயைத் திறந்து கத்திவிட்டுத்தான் அடிக்கும். பனி வாய் திறப்பதில்லை. நாங்கள் குருசடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அத்தான் வலது கையுறையைக் கழற்றி அக்குள் இடுக்கில் வைத்துக்கொண்டு, ஆறேழு குச்சிகளை வீணாக்கி, ஒருமாதிரித் திரியைக் கொழுத்தினார். நான் இரண்டு கையாலும் காற்றை மறித்தேன். “அன்னம்மா தாயே, ரெண்டு பேரையும் காப்பாத்து” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் திரி அணைந்தது. கையுறையும் காற்றோடு பறந்துபோனது. எட்டிப் பிடிக்கப் போனேன். அது கறுத்த பாறைப் பக்கமாக உருண்டு, காணாமல் போனது.

திரும்பிப் பார்த்தால் ஊர் இல்லை. மலை இல்லை. வந்த வழி இல்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. புத்தளத்து உப்பளத்தில் உச்சி வெயிலில் குவித்த உப்பைப் பார்த்தால் கண் கூசுமே, அந்த உப்புக் குவியலுக்குள்ளே யாரோ எங்களைப் போட்டு மூடிவிட்டது போல இருந்தது. என் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. எங்கள் கால்தடத்தைத் தேடினேன், அதையும் காற்று மூடியிருந்தது.

அத்தான் பதறவில்லை. கையுறை இல்லாத வலது உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். “ஏறேக்க காத்து இடது கன்னத்தில அடிச்சது. இறங்கேக்க வலது கன்னத்தில வச்சுக்கொள்ளு. அவ்வளவுதான்” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. காற்றுக்காரர் சொல்லிவிட்டார், இனி என்ன? எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. எங்கள் கடலில் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. மலையில் காற்று பாறையைச் சுற்றி வளையும், பள்ளத்தில் திரும்பும், ஆளையும் தன்னோடு திருப்பும். காற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் வட்டமாகத்தான் நடக்க வேண்டும். மலையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் கடலில் பிறந்த எங்களுக்குத் தெரியவில்லை.

கொஞ்சத் தூரம் இறங்கிய பிறகு ஒரு பாறையின் மறைவில் நின்றோம். சந்தையிலிருந்து நான் கொண்டுவந்த தோடம்பழம் இரண்டு சட்டைப்பையில் இருந்தது. அத்தான் ஒன்றை உரித்தார். அவர் தோடம்பழம் உரிப்பதே ஒரு வேடிக்கை. மேலிருந்து கீழ்வரை அறாமல் ஒரே நாடாவாகச் சுற்றிச் சுற்றி எடுப்பார். அந்தக் குளிரிலும் அப்படியே எடுத்து, பாறையின் அடியில் போட்டார். பனியில் அது செம்மஞ்சளாகச் சுருண்டு கிடந்தது. அந்த வெள்ளைக்குள் நிறம் என்று இருந்தது அது ஒன்றுதான். பழம் பல்லைக் கூசவைத்தது. தின்றுவிட்டு நடந்தோம்.

அரை மணித்தியாலம் நடந்திருப்போம். அத்தான் நாலடி முன்னால், இடது கையில் ஊன்றுதடி, வலது கையை விரித்துப் பிடித்தபடி. நான் அவர் முதுகைப் பார்த்தபடி. ஒரு பாறை வந்தது. எல்லாப் பாறையும் ஒரே மாதிரித்தானே என்று நினைத்துக் குனிந்தேன். தோல் கிடந்தது. அறாமல் சுருண்ட அதே நாடா, மேலே கொஞ்சம் பனித்தூள். ஈரக்குலை நடுங்குவது என்று சொல்வார்களே, அது கதைக்குச் சொல்வதில்லை, உண்மையாகவே உள்ளே ஏதோ ஆடும். வாய் திறந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது, வெளியே வரவில்லை. வள்ளத்தில் சொல்லாதே என்று பழகிய நாக்கு மலையில் எப்படிச் சொல்லும்? அத்தான் திரும்பப் போகிறார் என்று தெரிந்ததும் தோலின்மேல் சப்பாத்தை வைத்து அமுக்கினேன். “என்னடா நிண்டிட்டாய்?” என்றார். “சப்பாத்துக் கயிறு” என்றேன். “கெதியா வா” என்று சொல்லிவிட்டு நடந்தார். நானும் நடந்தேன்.

இரண்டாம் சுற்றிலும் அதே பாறை. அதே தோல், என் சப்பாத்து அச்சுக்குள் நசுங்கிக் கிடந்தது. மறுபடியும் மிதித்தேன். இந்த முறை அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வலது கை மெழுகு நிறமாகியிருந்தது. பையில் வைக்கச் சொன்னேன். “வச்சா காத்து தெரியாது” என்றார். எனக்கு இரண்டு கையிலும் கையுறை இருந்தது. ஒன்றைக் கழற்றிக் கொடுப்போம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் சொல்ல முடியும். கொடுக்கவில்லை. என் விரல்கள் எனக்கு வேண்டியிருந்தன. இதை எழுதும்போதும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

மூன்றாம் சுற்றில், பாறையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும், அத்தான் ஊன்றிய தடி நிலத்தைத் தொடவில்லை. அவர் நின்ற இடத்துக்கு முன்னால் ஒரு பாய் அளவுப் பனி அப்படியே கழன்று கீழே போனது. சத்தமே இல்லை. விழுந்தது எங்கேயாவது அடிபடும், கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அத்தானின் ஒரு கால் வெறும் வெளியில் தொங்கியது. நான் குப்புற விழுந்து அவருடைய சட்டைத் தொப்பியைப் பிடித்து இழுத்தேன். எப்படி இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தோம். கீழே நின்று பார்த்தால் கால் கூசும் அந்தக் கறுத்த பாறையின் விளிம்பில்தான் மூன்று தரமும் சுற்றியிருக்கிறோம். அப்போது நான் கத்தினேன். “அத்தான், வழி விட்டுட்டம்! வழி விட்டுட்டம்!” தொண்டை கிழியக் கத்தினேன். கேட்கிறது எது வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று கத்தினேன்.

அத்தான் வானத்தைப் பார்த்தபடி சொன்னார். “தெரியும். முதல் தரமே தோலக் கண்டிட்டன். நீ காலால மறைச்சதையும் கண்டன்.”

“கண்டிட்டு ஏன் சொல்லேல்ல?”

“நீ ஏன் சொல்லேல்ல?”

இரண்டு பேரும் தோலைக் கண்டிருக்கிறோம், இரண்டு பேரும் மற்றவருக்காக மறைத்திருக்கிறோம், அப்படி மறைத்து மறைத்தே விளிம்புவரை வந்திருக்கிறோம். அவர் அழுதார். பெரிய மனிதர் அழுவதை மிக அருகில் பார்த்தது அதுதான் முதல் தரம். அதைப் பார்த்தபோது எனக்கு விளிம்பைப் பார்த்ததைவிடக் கூடப் பயம் வந்தது.

பிறகு காற்றை நம்புவதை விட்டோம். கை ஊன்றித் தவழ்ந்து, எங்கள் கால்தடம் மூடுவதற்குள் அதே பாறைக்குத் திரும்பி வந்தோம். விளிம்பு எந்தப் பக்கம் என்று இப்போது தெரிந்துவிட்டதால் அதற்கு முதுகைக் காட்டி, தடியால் குத்திக் குத்திக் கீழே இறங்கினோம். மாடுகளுக்கு அடித்த ஒரு கம்பி வேலி தட்டுப்பட்டது. கம்பியைத் தடவியபடி தூண் தூணாக இறங்கினோம். அடியில் ஒரு மாட்டுத் தொழுவம். வைக்கோல் போட வந்த ஒரு மனிதர் எங்களைக் கண்டதும் கையிலிருந்த வாளியைக் கீழே விட்டார். எங்களைக் கொண்டுபோன ஆசுபத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் ஊரிலிருந்து போன் வந்தது. பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். அத்தான் போனை இடது கையால் பிடித்திருந்தார். வலது கை சீலைக் கட்டுக்குள் இருந்தது. அதில் மோதிர விரலையும் சின்ன விரலையும் பிறகு எடுத்துவிட்டார்கள்.

ஊரில் மெஷினில் வெட்டுப்பட்டது என்று சொன்னோம். காற்றுக்காரர் காற்றைப் பிடித்துக்கொண்டு மலையை மூன்று தரம் சுற்றினார் என்று சொன்னால் வாடி முழுக்க ஒரு வருடம் சிரிப்பார்கள். மூன்று விரலோடு அவர் மறுபடி கடலுக்குப் போனார். ஆனால் திசை காட்டும் பெட்டி ஒன்றை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். “காத்துக்காரனுக்குக் கண் மங்கிட்டுது போல” என்று கிண்டலடித்தார்கள். அவருடைய வள்ளத்தில் மட்டும் அந்தப் பழைய கட்டுப்பாடு மாறியது. வழி விட்டது என்று தோன்றினால் யாரும் உடனே வாய்விட்டுச் சொல்லலாம். ஏன் என்று யாருக்கும் விளக்கவில்லை.

போன வருடம் அவருக்கு ஈரலில் புற்று வந்தது. வைத்தியர் எங்களை வெளியே கூப்பிட்டு, முற்றிவிட்டது, சில வாரங்கள்தான் என்றார். அக்கா என் கையைப் பிடித்தாள். “தம்பி, அவருக்குச் சொல்லிப்போடாத. தாங்கமாட்டார். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.” பண்ணினேன். அதன் பிறகு கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் ஒரே பாட்டுத்தான். ஒண்டுமில்ல, வெறும் செமியாக்குணம், பெருநாளுக்கு முதல் வீட்ட வந்திடலாம். நானும் பாடினேன். மடியில் கனம் இருந்தது, வழியெல்லாம் பயமாக இருந்தது. வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, சத்தமில்லாமை. மறுபடியும் அந்த மலைதான்.

ஒரு பின்னேரம் அக்காவும் மகளும் தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தார்கள். மேசையில் யாரோ கொண்டுவந்த தோடம்பழம் இருந்தது. உரிக்க எடுத்தேன். “இஞ்ச தா” என்று அத்தான் வாங்கிக்கொண்டார். மூன்று விரலால் உரித்தார். நாடாவாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. வந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வெள்ளை விரிப்பின்மேல் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கை தானாகப் போனது, பொறுக்கி எடுக்க. அவர் தன் கையை என் கைமேல் வைத்தார்.

“மறைக்காத” என்றார். “சொல்லு. எத்தினையாம் சுத்து இது?”

அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அவரும் தெரியாதது போலவே நடப்பார், விளிம்புவரை தனியாக நடப்பார் என்பது எனக்குத் தெரிந்தது.

“கடைசிச் சுத்து, அத்தான்” என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு, மலையிலும் சொல்லாத, கடலிலும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். “பயமா இருக்குடா.” “எனக்கும்தான்” என்றேன். “அப்ப கையப் பிடி” என்றார். பிடித்தேன். இருபத்திரண்டு வருடம் பிந்திப்போனாலும் பிடித்தேன். “அந்த விரல் கதைய என்னைக் குழியில தாட்டாப்பிறகு எல்லாருக்கும் சொல்லு. சிரிக்கட்டும்” என்றார். அவரே முதலில் சிரித்தார்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். விரிப்பில் கிடந்த தோலைப் பார்த்தாள். கோர்த்திருந்த எங்கள் கைகளைப் பார்த்தாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி அவர் அருகில் இருந்து, அவருடைய மற்றக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் தோலை யாரும் எடுக்கவில்லை. பெருநாளுக்கு முதல் வீட்டுக்கு வரலாம் என்று அதன் பிறகு அவளும் சொல்லவில்லை.